ஓடுதளத்தில் ஏர் பூட்டிய பிச்சைமணி

கூட்டத் தலைவர் அவர்களே! மாலைகளோடு மேடையேறியிருக்கும் பெரியோர்களே! ராசிங்காபுரத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் சோலியைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சம்சாரிகளே! தாய்மார்களே!

இரங்கல் சொல்ல என்னை அழைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிகிறது.

நம் நில மீட்புச் சங்கத் தலைவர் பிச்சைமணி அவர்கள் எங்கே இறந்தார்? தன் சொந்த நிலத்தில் இறந்தார்! எப்படி இறந்தார்? அத்துமீறி நுழைந்த குற்றவாளியாக இறந்தார்!

யுத்தம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு விமானம் இறங்க இடம் வேண்டுமென்றார்கள். "சண்டை முடிந்ததும் அவரவர் நிலம் அவரவருக்கு" என்று தமுக்கடித்தார்கள். முற்றாத சோளத்தை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு நிலத்தைக் கொடுத்தோம். கல் சுமந்ததும் நாம், ஜல்லி உடைத்ததும் நாம்! இறங்கிய விமானம் எத்தனை? ஒன்றே ஒன்று! அதுவும் மலை மேகத்தில் வழி தவறி இறங்கியது. அதற்குத் தேங்காய் உடைத்துக் குலவை போட்டவர்களும் நாம்தான்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். நிலம் வந்ததா? கேட்கப் போன பிச்சைமணியிடம் அதிகாரி என்ன சொன்னார்? "இத்தனை வருஷமாக நீங்கள் அங்கே சாகுபடி செய்யவில்லையே, பிறகேது பாத்தியதை?" என்றார். கேட்டீர்களா நியாயத்தை! வயலின்மேல் சிமெண்டைக் கொட்டியவர்களே ஏன் விதைக்கவில்லை என்று கேட்கிறார்கள்!

சித்திரையில் வருஷத்தின் முதல் உழவுக்கு நாமெல்லாம் மிச்சமிருந்த நம் காட்டில் நல்லேர் பூட்டினோம். அவர் மட்டும் மாடுகளை ஓடுதளத்துக்கு ஓட்டிப்போனார். ஏரின் கொழு முறிந்தது. ஊர் சிரித்தது. மறு சித்திரையிலும் பூட்டினார். சிமெண்டு விரிசலில் எள்ளைத் தெளித்தார், முளைத்தது! செடியை அதிகாரி மேசையில் வைத்து, "இந்தாங்கய்யா சாகுபடி" என்றார். சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள்.

"வேணாம்ண்ணே, அபராதத்தக் கட்டிட்டு வந்துருவோம்" என்றேன். "காசிமாயா, இதுக்குத்தேன் இம்புட்டு நாளாக் காத்துக்கெடந்தேன். அது சர்க்கார் சொத்துன்னு அவுகதானப்பு ருசுப் பண்ணணும்? எங்கிட்ட எப்ப வாங்குனீகன்னு கூண்டுல நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்" என்றார்.

கேட்க விட்டார்களா? குரங்கணிக் காப்பிக்கொட்டையைக் காயப்போட ஒரு வியாபாரிக்கு ஓடுதளத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். போன வெள்ளிக்கிழமை லாரி வந்தது. வேலிக்குள் புகுந்து மறித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சேதி கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியோடு ஓடிவந்த அவர் மனைவி சுருளியம்மாள், "கேட்டத் தெறய்யா, உசுரு போகுதுய்யா" என்று காவல்காரனிடம் கதறினார். லாரிக்குத் திறந்த கேட்டுதானே அது! வண்டிக்கு உத்தரவு இல்லையாம்!

நேற்று அதிகாரி ஆள் அனுப்பினார். குற்றவாளி இறந்துபோனதால் வழக்கும் முடிந்ததாம், இனி நிம்மதியாக இருக்கலாமாம். யாருக்கையா நிம்மதி? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தவர்களுக்குத்தானே! ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று சற்றுமுன் மேடையில் சொன்னார்கள். பெயர் வைக்க எங்களுக்குத் தெரு வேண்டாம். கேள்வி கேட்கக் கூண்டு வேண்டும்!

நாளை விடிந்ததும் அவர் மாடுகளை ஓடுதளத்தில் நான் பூட்டுகிறேன். சுருளியம்மாள் விதைப்பெட்டியோடு வருகிறார். மனமுள்ளவர்கள் கூட வாருங்கள்.

பந்தக்காலோரம் நிற்கிற ஏட்டையா அவர்களே! யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதிவரத்தானே உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? எழுதிக்கொள்ளுங்கள். பெயர் காசிமாயன். தகப்பனார் தவசி. ஊர் ராசிங்காபுரம். குற்றம், சொந்த நிலத்தை உழுதது.