இழுக்காத ரப்பர்

நான் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தது தொப்பையைக் குறைக்கத்தான் என்று ஆலையில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லிவைத்தேன்.

என் வேலை சின்னது, சார். பிரேக் குழாய்க்கான ரப்பர் பட்டையை அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுத்துச் சட்டத்தில் மாட்டி, ரப்பரை அரிக்கும் ஓசோன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் மூன்று நாள் வைப்பேன். பிறகு பூதக்கண்ணாடியில் விரிசல் தேடுவேன். இழுக்காமல் தளர்வாக வைத்தால் மட்டமான ரப்பர்கூட வெடிக்காது. இது ஆய்வகத்தில் கூட்டுகிறவருக்கும் தெரியும்.

என் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் அத்தான், அக்காவின் புருஷன். ஒருநாள் கேன்டீனில் நாற்பது பேர் முன்னால், "என் வீட்டுத் தண்டச்சோறுடா நீ. நான் சொல்லலைன்னா உன்னை எவன் வேலைக்கு வெப்பான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்த வாரம் வந்த பேட்சில், ரப்பரில் விரிசல் வராமல் காக்கிற மெழுகு சரியாகக் கலக்கவில்லை. முறைப்படி இழுத்து மாட்டினேன், இரண்டாம் நாளே விரிசல். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு பட்டையைத் தளர்வாக மாட்டினேன். 'விரிசல் இல்லை' என்று எழுதினேன். அது பொய்யில்லையே. அத்தான் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

புது பேட்சின் முதல் குழாய்களை எங்களை வேலைக்கு ஏற்றிவரும் ஆலை வேனில்தான் மாட்டுவோம். "நம்ம சரக்கை நாமளே நம்பலைன்னா எப்படி?" என்பார் அத்தான். அவருக்கு முன் சீட்டு. பேக்கிங்கில் வேலை பார்க்கும் அக்காவுக்குப் பின் சீட்டு. அந்தக் குழாயை வேனில் மாட்டிய மறுநாளே நான் சைக்கிள் வாங்கினேன்.

ஒன்றரை வருஷம் பொறுத்தேன். பாலத்துச் சரிவில் குழாய் வெடித்த அன்று அத்தானுக்குக் காய்ச்சல், லீவு. வேனில் ஒன்பது பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

இப்போது அவர், "பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேனே, என் தப்புதான்" என்று ஊரெல்லாம் அழுதுகொண்டு திரிகிறார். என் வேலைக்கு அந்த ஆள் பேர் வாங்குவதை இதிலாவது விடமாட்டேன். அதனால்தான் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், செய்தது நான்.

அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒருநாள் வேனுக்குக் காத்து நின்றவளிடம், "கேரியர்ல ஏறிக்கோக்கா" என்றேன். "உன் ஓட்டை சைக்கிள்லயா? போடா" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அத்தான் காதில் போட்டுவிடுவாள். நான் கூப்பிட்டேன், சார். அவள்தான் ஏறவில்லை.