பூஜ்ஜியம் என்றுதான் சொன்னேன்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை என்றதும், நாற்றத்தை எப்படித் தாங்குகிறாய் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் உட்காரும் அறை நான்காவது மாடியில் இருக்கிறது. ஏசி உண்டு. தரை துடைக்கிற அம்மா எலுமிச்சை வாசனைத் திரவத்தைத் தாராளமாக ஊற்றுவதால் சாப்பிடும்போதுகூட அந்த வாசனைதான். பதினொரு நிலையங்களின் எண்கள் கிளவுட் வழியாக என் திரைக்கு வந்துவிடும். தண்ணீர் மட்டம், பம்பு ஓட்டம், கிணற்றில் சேரும் விஷவாயு, எல்லாமே. ஆறு வருடத்தில் ஒரு நிலையத்தில்கூட நான் கால் வைத்ததில்லை. போலீஸ்காரர்களானாலும் நீங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீரும் கொடுத்து விசாரிக்கிறீர்கள். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி ஏழாம் நிலையத்தில் ஆபரேட்டர். என்னைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தான். அங்கே அவனுக்கு வாயாடி என்று பெயர். வால்வைத் திறந்தால் ஒரு போன், மூடினால் ஒரு போன். உன் திரையில் நான் தெரிகிறேனா அக்கா என்று கேட்பான். எண்தான் தெரியும், உன் மூஞ்சி தெரியாது, அது நான் செய்த புண்ணியம் என்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கழிவுநீர் முதலில் வந்து விழுகிற ஆழமான கிணற்றில், வாயுவை அளக்கும் கருவி ஒன்று தொங்கும். வாரம் ஒருமுறை அதை மேலே தூக்கிக் கழுவ வேண்டும். கழுவும்போது கன்னாபின்னாவென்று எண் காட்டி அபாயச் சங்கு அலறும். அதற்காக என் திரையில் ‘நிறுத்திவை’ என்று ஒரு பொத்தான் உண்டு. கருவி வெளிக்காற்றுக்கு வந்து பூஜ்ஜியம் காட்டியதும் அதை அழுத்துவேன். மறுபடி அழுத்தி எடுத்துவிடும்வரை திரையில் அந்தப் பூஜ்ஜியம் அப்படியே நிற்கும், சங்கும் அடிக்காது. கருவியைக் கழுவி மறுபடி கிணற்றில் தொங்கவிட்டதும் எனக்குச் செய்தி அனுப்புவார்கள், நான் எடுத்துவிடுவேன். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.

போன வருடம் ஒரு நாள் முற்பகலில், ஏழாம் நிலையத்துப் பம்பில் துணி சிக்கிக்கொண்டது. இறங்கித்தான் எடுக்க வேண்டும். வாயு எவ்வளவு என்று தம்பி கேட்டான். திரையில் பூஜ்ஜியம் இருந்தது. பூஜ்ஜியம் என்றுதான் சொன்னேன். இறங்கியவன் ஏறி வரவில்லை. இருபத்தாறு வயது.

மேலாளர் அறிக்கை எழுதினார். வாயு அளவைக் கேட்டறியாமல் தன்னிச்சையாக இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று ஒரே வரி. கேட்காமல் இறங்கினானாம். மூச்சுக்கு முந்நூறு தடவை கேட்கிற பிள்ளை. அந்தக் காகிதத்தை அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். “ஒரு வார்த்த உங்கிட்ட கேட்டிருந்தா பொழச்சிருப்பானாடி?” என்றாள். காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஒரு வாரம் கழித்து அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் பேர் எதுலயும் வராம பாத்துக்கிட்டேம்மா. நீயாவது வீட்டப் பாரு” என்றார். செத்தவன் தலையில் பழியைக் கட்டிவிட்டு, எனக்கு உபகாரம் செய்ததாக நினைப்பு. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஆட்கள் கிணற்றில் இறங்க மறுத்தார்கள். அதனால் எந்த நிலையமானாலும் முதலில் தானே இறங்குவது என்று அவர் வைத்துக்கொண்டார். தங்கமான மனிதர் என்று எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு அது வேஷமாகத்தான் தெரிந்தது. இறங்குமுன் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார். நான் ஒழுங்காகப் பதில் சொல்வேன். பதினான்கு மாதம் பொறுத்திருந்தேன், எனக்கு அவசரமில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் நிலையத்தில் கருவி கழுவும் நாள். எலக்ட்ரீஷியன் கழுவித் தொங்கவிட்டுச் செய்தி அனுப்பினார். பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்தரை மணிக்குப் பம்பு நின்றது. கையில் பிடித்து வாயு அளக்கிற கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. அனுப்பிய சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். மேலாளர் கூப்பிட்டார்.

“பொத்தான எடுத்துட்டியாம்மா?”

“எடுத்துட்டேன் சார்.”

“எவ்ளோ காட்டுது?”

“பூஜ்ஜியம் சார். தாராளமா எறங்குங்க.”

உள்ளே இருக்கிற நிஜ எண்ணை இன்னொரு பக்கத்தில் பார்க்கலாம். அறுநூற்று நாற்பது. நூறைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். இரும்பு ஏணியில் பூட்ஸ் படுகிற சத்தம் ஒன்பது வரை எண்ணினேன். எலக்ட்ரீஷியன் பின்னாலேயே மூன்று படி இறங்கி மயங்கிவிட்டாராம், மேலே நின்றவர்கள் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். நல்ல மனிதர், அவர்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. சத்தம் அடங்கியதும் பொத்தானை எடுத்துவிட்டேன். சங்கு அடித்தது. சங்கு சரியாக வேலை செய்கிறது என்று பதிவேட்டில் குறித்துவைத்தேன்.

இப்போது நீங்கள் போன வருடத்துப் பதிவையும் அச்செடுத்து மேசையில் வைக்கிறீர்கள். தம்பி இறங்கிய நாள். காலை ஒன்பது பத்துக்கு நிறுத்திவைத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. எடுத்துவிட்ட நேரம் என்ற இடம் காலி. எனக்குத் தெரியும். “கழுவியாச்சுக்கா, எடுத்துடு” என்று அவன் அனுப்பிய செய்தி இதோ என் போனில் அப்படியே இருக்கிறது, நான் அழிக்கவில்லை. அன்றைக்குப் பக்கத்து மேசைப் பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு நினைவு தப்பிவிட்டது.

மனுஷி என்றால் மறதி இல்லாமலா இருக்கும்? அதற்குத்தானே தலைக்குமேல் ஒரு மேலாளரை வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அவ்வளவு அக்கறையாகக் கேட்டாரே, பொத்தானை எடுத்துட்டியாம்மா என்று. அதை என் தம்பி இறங்கிய அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால்தான் அவரைக் கொன்றேன்.