ஆறாம் நம்பர் டப்பா

— அந்தப் பாத்திரத்தைக் கீழ வையேன்க்கா. மூணாவது தடவை தேய்க்கிற.

— சும்மா உக்காந்தா கை அரிக்குது பாப்பா. இருபத்திரண்டு வருஷம், ஒரு நாளைக்கு நானூறு பேருக்குச் சமைச்ச கை. இப்ப வீட்டுல ஒத்தை ஆளுக்கு என்ன சமைக்கிறது? அது கிடக்கட்டும், நீ ஏன் வந்ததுல இருந்து கையைக் கழுவிக்கிட்டே இருக்க?

— லேப் பழக்கம்.

— கழுவினது போதும். அந்த ஆப்பிளை நறுக்கு.

— நீயே நறுக்குக்கா.

— டாக்டரம்மாவுக்குக் கத்தி பிடிக்க வராதாக்கும். குடு இங்க. ரிசல்ட் வந்துச்சா இல்லையா, அதை முதல்ல சொல்லு. ஒரு மாசமா ஃபேக்டரி கேன்டீன் வாசல்ல என் பேரை ஒட்டி வச்சிருக்காங்க. கிருமி உள்ளவர், உள்ளே விடக் கூடாதுன்னு. முப்பத்தோரு பேர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்ததுக்கு நான்தான் காரணமாம்.

— வந்துடுச்சு.

— வந்துடுச்சுன்னா? வாயைத் திறயேன்.

— எங்க ஆரம்பிக்கிறதுன்னு பாக்குறேன்.

— சின்ன வயசுல இருந்தே நீ இப்படித்தான். உன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு, தண்ணி கொதிச்சு ஆறுற வரைக்கும் உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இந்த வினையெல்லாம் கேன்டீன் திறப்பு விழா அன்னிக்கு ஆனது. புது சமையலறை, புது அடுப்பு, சிறப்பு விருந்தினரா என் தங்கச்சி. மைக்ல உன் பட்டத்தை ஒரு எழுத்து விடாம முழுசாப் படிக்கணும்னு மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டினேன் தெரியுமா? ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்து, கண்ணெல்லாம் உள்ள போயி, இருந்தும் எனக்காக வந்து நின்ன. வெள்ளரிக்காயை உன் கையாலயே எடுத்துத் தட்டுல வைக்கச் சொன்னேன். எல்லாரும் உன்னைப் பக்கத்துல பாக்கட்டும்னுதான். அவ்வளவு பெருமையா இருந்த நாளு, இப்படியா முடியணும்?

— அக்கா, உன் வயித்துல அந்தக் கிருமி இருக்கு. அது பொய் இல்ல.

— அதான் வாசல்லயே ஒட்டியிருக்கே.

— ஆனா அது உள்ள நுழையாது.

— எதுக்குள்ள?

— குடல் சுவர்ல இருக்கிற செல்லுக்குள்ள. சும்மா குடல்ல மிதந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது பெருசா ஒண்ணும் பண்ணாது. செல்லுக்குள்ள புகுந்தாத்தான் காய்ச்சல், பேதி எல்லாம். புகறதுக்கு அது ஊசி மாதிரி ஒரு கருவி கட்டணும். அதுக்கு ஏகப்பட்ட தெம்பு செலவாகும். அதனால எந்நேரமும் கட்டாது. நீ பெரிய அடுப்பை எப்பப் பத்த வைப்ப?

— எத்தனை பேர் சாப்பிடுறாங்கன்னு தெரிஞ்சப்புறம். அதுக்கு முன்னாடி பத்த வச்சா கேஸ்தான் வீண்.

— கிருமியும் அப்படித்தான் நிதானம் பாக்கும். காத்து கம்மியா இருக்கா, உப்பு எவ்வளவு, பித்தநீர் இருக்கா, பக்கத்துல இருக்கிற நல்ல கிருமிங்க என்ன கக்கி வச்சிருக்கு, எல்லாத்தையும் பாக்கும். இதுதான் இடம்னு தெரிஞ்சா ஒரு ஜீன் முழிச்சுக்கும். அது போயி ஊசி கட்டுற மத்த ஜீனையெல்லாம் எழுப்பிவிடும். அது ஒரு தலைமைச் சமையல்காரி மாதிரி.

— என்னை மாதிரின்னு சொல்லேன், வாய் வலிக்குதா?

— உன்னை மாதிரிதான். உன் கிருமியில அந்த ஜீன் உடைஞ்சு கிடக்கு. எங்க போனாலும் அதுக்கு அடுப்பே பத்தாது. அந்த முப்பத்தோரு பேர்கிட்ட எடுத்த கிருமியில ஜீன் முழுசா இருக்கு. அவங்களுக்கு வந்தது உன்கிட்ட இருந்து இல்லக்கா.

— இரு. இந்த ஆப்பிளை நறுக்கி முடிச்சுக்கிறேன்.

— அழறியா?

— ஆப்பிள் நறுக்கினாலும் கண்ணு கலங்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது. ஏன் பாப்பா, தங்கச்சி சொன்னா நம்புவாங்களா?

— சோதிச்சது நான் இல்ல, வேற ஊர் லேப். முதல்ல ஃபேக்டரிக்காரங்க உங்க சமையல் ஆளுங்களை மட்டும்தானே சோதிச்சாங்க? அன்னிக்குச் சமையலறைக்குள்ள கால் வச்ச ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சாம்பிள் எடுக்கணும்னு நான் எழுதிக் கேட்டேன். மொத்தம் ஏழு டப்பா. மேல நம்பர் மட்டும்தான். நீ மூணு.

— என் கை சுத்தம்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய ஒரு விஞ்ஞானி தேவைப்பட்டிருக்கு, அதையும் நான்தான் தூக்கி வளர்த்திருக்கேன். சரி, அப்ப யாரு?

— ஆறாம் நம்பர் டப்பா. அதுல இருந்ததும், படுத்தவங்ககிட்ட இருந்ததும் ஒரே கிருமி.

— காய் நறுக்குற தடியன்தானே? நகத்தை வெட்டுடான்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை வத்திப்போச்சு. இல்ல, வேணாம். பேரைச் சொல்லாத.

— ஏன்?

— அந்தப் போர்டுல தொங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பாத்தா லிஃப்ட்ல ஏறாம நின்னுடுறாங்க. பாவம், அந்த ஆளும் தெரியாமத்தானே பண்ணியிருக்கும். திங்கட்கிழமை நான் தலை நிமிந்து உள்ள போவேன். யாரா இருந்தாலும் அவங்களையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவேன். எவன் என்ன சொல்றான்னு பாக்குறேன்.

— கையைப் பிடிச்சா?

— சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிட்டுத்தான்.

— நிஜமாத்தான் சொல்றியா?

— நான் எப்ப பேச்சுக்குச் சொல்லியிருக்கேன்? ஏன் மறுபடியும் கையைக் கழுவப் போற?

— அறிக்கையைக் காலையிலேயே உங்க மேனேஜருக்கு அனுப்பிட்டேன்க்கா. ஆறாம் நம்பருக்கு நேரா பேரையும் எழுதிட்டேன்.

— அடிப்பாவி, ஏன் அப்படிப் பண்ண? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? யாரு பேரை எழுதின?

— என் பேரை. நீ மைக்ல படிக்கச் சொன்ன மாதிரியே, பட்டத்தோட, முழுசா.