கார்டு கொடி காட்டட்டும்

– கடைசி ரெண்டு பக்கத்தை ஒரு பிள்ளைகூட தொடலைம்மா. ஒண்ணுகூட! நாலாம் வகுப்பு மொத்தமும் அப்படியே வெள்ளையா விட்டிருக்கு.

– இருக்காது சார். பின்னக் கணக்கு கடைசிப் பக்கத்துலதானே? எங்க பசங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க.

– தூக்கத்துல கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னவோ. முழிச்சிருக்கும்போது கேட்டுட்டாங்க. பாரும்மா, கிண்டல் பண்றேன்னு நினைக்காதே. அடைவுத் தேர்வுல வட்டாரத்துலயே நம்ம ஸ்கூல்தான் கடைசி. தலைமையாசிரியர்னு காலையிலேருந்து எனக்குத்தான் ஆபீஸ்லேருந்து போன் மேல போன்.

– மத்த பக்கமெல்லாம் எப்படி சார்?

– அங்கதானே கூத்து. முன்னாடி பக்கமெல்லாம் கிட்டத்தட்ட முழு மார்க். திடீர்னு யாரோ ஃபியூஸைப் பிடுங்கின மாதிரி நின்னு போச்சு.

– மேற்பார்வைக்கு வந்த சார் ஒண்ணும் சொல்லலையா?

– சொன்னார். இவ்வளவு அமைதியான வகுப்பை அவர் பார்த்ததே இல்லையாம். ஆனா ஒண்ணு மட்டும் உறுத்துச்சாம். எல்லாரும் ஒரே நேரத்துல பக்கம் திருப்பினாங்களாம்.

– ஒரே நேரத்துலயா?

– ஏன் உன் முகம் மாறுது?

– ஒண்ணுமில்லை சார்.

– பாரும்மா, ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. சாயங்காலத்துக்குள்ள நான் விளக்கம் எழுதி அனுப்பணும். பசங்க பேசி வச்சுக்கிட்டு செஞ்சாங்கன்னு தெரிஞ்சா, காப்பின்னு முத்திரை குத்திடுவாங்க. ஒவ்வொரு பிள்ளையா உக்கார வச்சு விசாரிப்பாங்க. டீச்சர் கவனக்குறைவுன்னா பிள்ளைங்க தப்பிச்சுக்கும், மறுதேர்வும் கிடைக்கும். ஆனா நீ தற்காலிகப் போஸ்ட். அடுத்த வருஷம் உன்னை எடுக்க மாட்டாங்க. ...யாரது, கதவுகிட்ட?

– நான்தாங்க ஐயா. கார்டோட அம்மா.

– எந்த கார்டு?

– என் வகுப்புல ஒரு பொண்ணு சார். இந்த வருஷம் வேற ஸ்கூல்லேருந்து வந்து சேர்ந்தாளே, அவ. வாங்கம்மா, உள்ள வாங்க.

– உக்கார நேரமில்லைங்க டீச்சரம்மா. தையல் கம்பெனில மதிய ஷிப்டு, லேட்டானா கேட்டைச் சாத்திடுவான். பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே வரணும்னு இருந்தேன், இத்தனை நாளா காலை ஷிப்டு. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு ஓடிடலாம்னு வந்தேன். சத்தியமா சொல்றேன், ஸ்கூலுக்கு நானா வந்து நன்றி சொல்றது இதுதான் முதல் தடவை. மத்த தடவையெல்லாம் அவங்களா கூப்பிட்டு வச்சுத் திட்டுவாங்க.

– அம்மா, கொஞ்சம் பொறுங்க. இங்க ஒரு பெரிய தலைவலி ஓடிக்கிட்டிருக்கு...

– ரெண்டே வார்த்தைங்க ஐயா. எம்பொண்ணுக்குப் புத்தி ஓடும், கைதான் ஓடாது. பழைய ஸ்கூல்ல ஆமைன்னுதான் கூப்பிடுவாங்க. எல்லாரும் எழுதி முடிச்சு விளையாடப் போயிடுவாங்க, இவ மட்டும் தனியா உக்காந்து எழுதிக்கிட்டிருப்பா. பரீட்சைன்னா முதல் நாளே காய்ச்சல் வந்துடும். இந்தத் தடவை என்னடான்னா, வாசல்லேருந்தே குதிச்சுக்கிட்டு வர்றா. "அம்மா, எல்லாரும் எனக்காகக் காத்திருந்தாங்க! நான் பென்சிலைக் கீழ வச்சதும்தான் பக்கத்தைத் திருப்பினாங்க"ங்கிறா. அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிட்ட சாப்பாட்டை நீங்க பார்த்திருக்கணும். எனக்கு மிச்சமே இல்லை, சந்தோஷமா பட்டினி படுத்தேன்.

– காத்திருந்தாங்களா? டீச்சர், என்ன இது?

– எங்க வகுப்புல ஒரு பழக்கம் சார். கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் யாரும் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டாங்க. முடிச்சவங்க முடிக்காதவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. எப்பவும் கடைசி ஆள் இவதான். இவ பென்சிலைக் கீழ வச்சா, "கார்டு கொடி காட்டியாச்சு, ரயில் கிளம்பலாம்"னு பசங்க கத்துவாங்க. அப்படி வந்த பேருதான்.

– அதையே பரீட்சையிலயும் செஞ்சிருக்கு இந்தக் கூட்டம்! வாயைத் திறக்காம, பென்சிலை மட்டும் பார்த்துக்கிட்டு. மணி அடிச்சப்போ ரயில் பாதி வழியில நிக்குது.

– ஐயா... அப்ப எம்பொண்ணாலதான் எல்லாருக்கும் மார்க் போச்சா? அடக் கடவுளே, நான் நன்றி சொல்ல வந்த லட்சணத்தைப் பாருங்க. மறுபடி பரீட்சை வச்சா அன்னிக்கு அவளை வீட்டுலயே வச்சுக்கிறேங்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுறேன்.

– கூடவே கூடாதும்மா. அவ வந்ததுக்கு அப்புறம்தான் மத்த பசங்க உருப்படியா படிக்கவே ஆரம்பிச்சாங்க. காத்திருக்கிற நேரத்துல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தாங்களே, அந்த முன்பக்கத்து மார்க்கெல்லாம் அதுல வந்ததுதான். நீங்க எனக்கு நன்றி சொல்றீங்க. நான் உங்க பொண்ணுக்குச் சொல்லணும்.

– பாரும்மா, எனக்கும் சொல்லத் தெரியும். நீ வந்த பிறகுதான் பிள்ளைங்க சிரிக்கிற சத்தம் இந்த ரூம் வரைக்கும் கேக்குது. அதுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும். ஆனா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் காத்திருக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

– ...மறந்துட்டேன் சார்.

– மறந்துட்டியா? முதல் நாளே அத்தனை பிள்ளைங்களுக்கும் பென்சில் சீவி வச்சவ, இதை மறந்துட்டியா?

– மறந்துட்டேன்னே எழுதுங்க சார். டீச்சர் கவனக்குறைவுன்னு. நான் கையெழுத்துப் போடுறேன். பசங்களுக்கு மறுதேர்வு கிடைக்கட்டும்.

– உன் வேலை போயிடும்.

– தெரியும் சார். பேனாவைக் கொடுங்க.

– இருங்க இருங்க டீச்சரம்மா. எனக்கு இது பிடிபடலை. நீங்க சொன்னீங்களாமே?

– நீங்க கிளம்புங்கம்மா. கேட்டைச் சாத்திடப் போறாங்க.

– சாத்தினா சாத்தட்டும். ஐயா, எம்பொண்ணு என்கிட்ட எதையும் மறைக்க மாட்டா. அன்னிக்குக் காலையில டீச்சரம்மா எல்லாரையும் எழுந்து நிக்க வச்சு, "இன்னிக்கு யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, அவங்கவங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே போகணும்"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்களாம். வெளியில வரிசையில நிக்கும்போது இவளும் முன்னாடி நின்ன பையன்கிட்ட, "எனக்காக நிக்காதீங்கடா"ன்னு கெஞ்சியிருக்கா. அதுக்கு அவன் சொன்னானாம், "டீச்சர் ஆயிரம் சொல்லுவாங்க. கார்டை விட்டுட்டு எந்த ரயிலாவது போகுமா?"ன்னு. அவ்வளவுதான், வரிசை முழுக்கத் தலையாட்டிருச்சாம்.

– ஏம்மா, அப்ப மறந்துட்டேன்னு எதுக்குச் சொன்னே?

– பசங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. எனக்காவது வேற ஸ்கூல் கிடைக்கும். அவ மறுபடி ஆமை ஆகக் கூடாது.

– சரி, பேனாவை இப்படிக் கொடு. பரீட்சை விதிமுறையைப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்ட வேண்டியது தலைமையாசிரியர் வேலை. அவர்தான் மறந்துட்டார்னு எழுதறேன்.