ஓரத்தில் நிற்பவளுக்கு ஒரு சேலை

போட்டோவுக்கு வெள்ளை உடுத்தக்கூடாது மதினி, லைட் போட்டால் வெளிறிப்போகும். பொடிக் கட்டமும் ஆகாது, கண்ணைப் பறிக்கும். ஆண்களுக்கு வெளிர் நீலச் சட்டை, பெண்களுக்கு அடர்ந்த நிறத்தில் அகலக் கரை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் இளைய பேரனுக்குக் காது குத்திவிட்டு எல்லோருமாகப் போட்டோ எடுக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

அந்த அனுபவத்தைக் கேட்கத்தான் ராஜபாளையத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீடு தேடி வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். எங்கள் பழைய ஊர்க்காரன், கூமாப்பட்டி முத்துவீரன், உங்கள் பேண்டேஜ் துணி பேக்டரிக்கு வேலை கேட்டு வந்தவன், அங்கே சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வேலுத்தாயைப் பார்த்து, "இது உங்க மருமவளோட கூடப்பொறந்த அக்காளாச்சே" என்று சொல்லிவிட்டானாம். உண்மைதான். வேலுத்தாய் என் மூத்த மகள். உங்கள் மருமகள் பூங்கோதை இளையவள். இரண்டையும் பெற்றவள் நான்தான்.

வேலுத்தாய்க்கு முதலில் நல்ல இடம் அமைந்தது. நிச்சயம் முடிந்த மாதமே அந்த மாப்பிள்ளை வத்திராயிருப்பு ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாள் லாரிக்காரனைத் திட்டிய ஊர், பிறகு என் மகளைத்தான் திட்டியது. ராசி கெட்டவள் என்று ஒருத்திக்குப் பேர் விழுந்தால் அது வீட்டுக்கே விழுந்த பேர். அதனால்தான் கூமாப்பட்டியை விட்டு இந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்தோம். எண்பத்தேழில் தரகர் உங்கள் வரனைக் கொண்டுவந்து, குடும்பமாக ஒரு கலர் போட்டோ கேட்டார்.

வேலுத்தாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "அவளும் நாம பெத்த பிள்ளைதானே. அவ இல்லாம என்ன குடும்ப போட்டோ" என்றார். புருஷன் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. யார் எதை உடுத்துவது என்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

வேலுத்தாயின் நிச்சயப் பட்டு, அரக்கு நிறம், பெட்டியில் அப்படியே இருந்தது. "எம்மா, அத நான் கட்டிக்கிடட்டா?" என்று கேட்டாள். தங்கச்சிக்கு வேண்டும் என்றேன். "ராசியில்லாத பட்டுன்னு நீதான சொன்ன" என்றாள். பட்டுக்கு என்ன ராசி மதினி, உடுத்துகிறவளுக்குத்தானே. அவளுக்கு என்னுடைய பழைய நூல் சேலையைக் கொடுத்தேன். சாயம் போயிருந்தாலும் துவைத்த சேலை. தோட்டைக் கழற்றச் சொன்னேன், பஸ் கூட்டத்தில் தொலைந்துபோகும். செருப்பு வேண்டாம் என்றேன். கையில் ஒயர்கூடையும் பிளாஸ்க்கும் கொடுத்தேன், போகிற இடத்தில் தாகம் எடுக்காதா.

ஸ்டுடியோவில் எங்கள் இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, பூங்கோதையை நடுவில் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் தங்கச்சாமி கேமராவுக்குள் பார்த்துவிட்டு, "அந்த வேலைக்காரப் பிள்ளையச் செத்தத் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா, போட்டோவுல விழுது" என்றார். அந்த வார்த்தையைச் சொன்னது அவர், நான் இல்லை. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கோபத்தில் எதையாவது சொல்லிவிடப் போகிறாரே என்று நான் முந்திக்கொண்டேன்.

"இருக்கட்டும்யா, அவளும் நிக்கட்டும். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான்" என்றேன்.

மாதிரி என்ற ஒரு சொல்லைத்தான் நான் கூட்டிச் சொன்னேன். வேலுத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளாகவே ஓரமாக ஒதுங்கி நின்றாள். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு, போன வருஷம் காலமாகும்வரை, என்னோடு அளந்துதான் பேசினார். அவருக்கு இளகின மனசு.

அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க வந்த அன்று அவள் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. "இந்தப் பிள்ளை அடக்கமா இருக்கா. பொண்ணு கூட இவளையும் அனுப்பிவையுங்க, எங்க வீட்டுல ஆளே நிக்க மாட்டேங்கு" என்றீர்கள். கல்யாணப் பேச்சில் நீங்கள் வாய்விட்டுக் கேட்ட ஒரே சீர் அதுதான். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஊர்ச் சொந்தங்களிடம், தங்கைக்குத் துணையாகப் போகிறாள் என்றேன். அதில் என்ன பொய். பூங்கோதை அழுதாள், புகுந்த வீட்டில் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டுமே என்று தேற்றினேன். அங்கே போயும் அவள் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். வேலைக்காரியைக்கூட அக்கா என்கிறாளே, எம்புட்டு மரியாதை என்று நீங்களே தெருவெல்லாம் பெருமை பேசினீர்கள். வேன் கிளம்பும்போது வேலுத்தாய் ஜன்னல் வழியாக, "எம்மா, எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாள். தங்கச்சிக்கு ஒரு பிள்ளை பிறக்கிற மட்டும் என்றேன். பிறந்தது. நீங்களும் விடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். ஆமாம். போட்டோக்காரர் சொன்னது தற்செயல். அவர் அப்படிச் சொல்லும்படி அவளுக்கு உடுத்திவிட்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் பட்டுடுத்தி, பெரியம்மா என்று பேரனை மடியில் வைத்து நடுவில் உட்கார வைக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் உங்கள் இளைய மகளுக்கு வரன் பார்க்கிறீர்கள். அந்தப் போட்டோதான் தரகர் கைக்குப் போகும். நடுவில் இருப்பது யார் என்று கேட்பார்கள். மருமகளின் அக்காளை ஏழு வருஷமாகப் பாத்திரம் தேய்க்க வைத்த வீடு என்று தெரிந்தால், உங்கள் மகளை யார் எடுப்பார்கள். நீங்கள் பெரியவர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஓரமாக நிற்கட்டும், பழகினவள்தான்.

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. பெற்ற வயிறு எப்படிப் பொறுத்தது என்று மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். மூத்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு இளையவளைக் கரையேற்றினாள் என்று என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. இரண்டு பெண்களையும் ஒரே முகூர்த்தத்தில், ஒரே வீட்டுக்கு அனுப்பிவைத்தவள் நான்.