பெட்டி சித்தி

— சாப்பிடுடி நசூனா. மிருகக்காட்சிசாலைக்குள்ள வந்ததுலேருந்து அந்தச் சப்பாத்தியைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருக்க. உள்ள இருக்கிற முட்டை ஆறிப் போச்சு.

— இறங்கலக்கா. காலையிலேருந்து கிசாச்சே என்னைப் 'பெட்டி சித்தி'ன்னுதான் கூப்பிடுறா, கேட்டியா?

— அட, பொறுடி. நீ ஏர்போர்ட்லேருந்து அவ்வளவு பெரிய பெட்டியோட எங்க மசாகா வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தானே ஆச்சு? உன்னை விட அந்தப் பெட்டியத்தான் அவளுக்குப் பிடிச்சிருக்கு. உள்ளயே ஏறிப் படுத்துக்கிறா.

— நான் துபாய்க்குப் போறப்ப அவ நடக்கக்கூட ஆரம்பிக்கல. அங்க யார் பெத்த பிள்ளைங்களையோ குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்க வச்சேன். என் பொண்ணுக்கு அதையெல்லாம் நீ செஞ்ச.

— ஆரம்பிச்சுட்டியா? கேளு, என் பையன் லுபோவாவுக்கு ஒரு தட்டு வச்சேன். கூட இவளுக்கும் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? மலேரியாவுல கிடந்தவளை முதுகுல கட்டிக்கிட்டு, கொட்டுற மழையில ஆஸ்பத்திரிக்கு நடந்தியே. எனக்கு போன்ல ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

— சொல்லியிருந்தா? கடல்ல நீந்தியா வந்திருப்ப?

— உனக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாதுக்கா.

— போதும்டி. கண்ணைத் துடை, பிள்ளைங்க பாத்துடும்.

— அக்கா... திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. கம்பாலாவுல வீடு பாத்து, தையல் மெஷின் போட ஒரு கடையும் பாத்து, அவளைப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துட்டேன். சாயங்காலம் இங்கேருந்தே நான் கூட்டிட்டுப் போறேன்னு அவகிட்ட சொல்லிட்டியா?

— நேத்து குளிப்பாட்டுறப்ப சொல்ல வாயெடுத்தேன். சோப்பு கண்ணுல போச்சுன்னு கத்தினா. அதையே சாக்கா வச்சு விட்டுட்டேன். ஆனா அவ துணிமணி எல்லாம் இந்தப் பையில இருக்கு. பயப்படாத, கொடுத்துடுவேன்.

— அம்மா! அம்மா! இங்க வா! ஏன்னா, அங்க ஒரு கொக்கு இருக்கு, அதோட மூக்கு அப்பா செருப்பு மாதிரியே இருக்கு! லுபோவா அண்ணனைப் பாத்து முறைச்சுது!

— அப்படியா கிசாச்சே? சித்திகிட்டயும் சொல்லு.

— பெட்டி சித்தி, நீங்களும் வாங்க. நீங்க முறைச்சா அது பயந்துடும்.

— வரேன் கண்ணு. முதல்ல இந்தச் சப்பாத்தியைத் தின்னு, இந்தா.

— ஐயோ! குரங்கு! அம்மா! அம்மா!

— ச்சீ, போ! போ! அக்கா, நான் விரட்டுறேன், நீ பிள்ளையைப் பிடி!

— எங்கடி பிடிக்கிறது? உன் கழுத்தைத்தானே கட்டிக்கிட்டுத் தொங்குறா!

— கடிச்சுதா? கையைக் காட்டு கண்ணு. நகம் பட்டுதா?

— இல்ல. சப்பாத்தி போச்சு.

— போனாப் போகுது. மரத்து மேல உக்காந்து எப்படித் திங்குது பாரு, நாம விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி!

— சிரிச்சது போதும்டி. கிசாச்சே, இறங்கு. சித்திக்குக் கழுத்து வலிக்கும். அம்மாகிட்ட வா.

— மாட்டேன். ஏன்னா, குரங்கு இன்னும் பாக்குது.

— கேளு கிசாச்சே. 'அம்மா'ன்னு கத்திக்கிட்டு நேரா சித்தி மேல தாவிட்டியே. யாரைக் கூப்பிட்ட?

— ரெண்டு பேரையும்தான்.

— ரெண்டு பேரையுமா?

— ஏன்னா, பெட்டி சித்திதானே என்னைப் பெத்த அம்மா? தினமும் தூங்குறப்ப நீதானே போட்டோவைக் காட்டிச் சொல்லுவ?

— தெரிஞ்சுமாடி சித்தின்னு கூப்பிட்ட?

— நான் சித்தியை அம்மான்னு கூப்பிட்டா நீ அழுவ. நேத்து என் துணியை மடிக்கிறப்பவே அழுதல்ல?

— அக்கா... தினமுமா என்னை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த?

— பின்ன? நீ திரும்பி வர்றப்ப உன்னை யாருன்னு கேட்டுடக் கூடாதுல்ல. சரி, எழுந்திரு. உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு. பையைப் பிடி.

— அதை நீயே வச்சுக்க. தையல் மெஷினை உங்க மசாகாவுலயும் போடலாம். உங்க ஊர் வேன்ல எனக்கும் சேத்து இடம் பிடிச்சுடு அக்கா.