வீடு பூட்டியிருந்தது

மத்தியானம் இரண்டரை மணி. பேய்க் கதைக்கு அது நேரமில்லை, தெரியும். நடந்தது அப்போதுதான், அதற்கு நான் என்ன செய்ய... வெயிலில் ஒரு நாய்கூட இல்லாத தெரு. ஒரு பக்கம் மூடிக் கிடந்த கிடங்கின் நீளச் சுவர். மறுபக்கம் நாலே வீடுகள். அதில் கடைசி வீடு.

இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தபோது ராத்திரி ஒன்பது இருக்கும், எங்கள் ஆபீஸின் பின்னறை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மேசை மேல் ஒரு சின்ன பேட்டரி விளக்கு, அதைச் சுற்றி நாங்கள் நாலு பேர். எலக்ட்ரீஷியன், தச்சர், ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் 'ஐஸ்', அப்புறம் நான். வீட்டுப் பழுது வேலைகளுக்கு வரும் போனை எடுத்து, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று சொல்லி, போய் வந்ததை நோட்டில் எழுதுவது என் வேலை. பதினொரு வருஷமாக இதேதான். எல்லாருக்கும் நான் போனக்கா.

மேசையில் ஒரு தாள் கிடந்தது. அசுத்தமான வீடுகளில் வேலை செய்ய மாட்டோம், வாசலோடு திரும்ப எங்களுக்கு உரிமை வேண்டும் என்று முதலாளிக்கு ஐஸ் எழுதியது. அன்று காலை ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தவன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவனும் தச்சரும் கையெழுத்துப் போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தச்சர் கிண்டலாகச் சொன்னார். "முதல்ல இந்த ரூமுக்கே ஒரு கோடு போடணும். கடைசியா எப்ப துடைச்சாங்க?"

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் ஆட்களின் செருப்புச் சேறும் கிரீஸும் அந்தத் தரையில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்தன.

கோடு என்பது எங்கள் ஆட்களுக்குள் இருக்கும் ஒரு ஏற்பாடு. எந்த வீட்டுக்குப் போனாலும் வெளிச்சுவரில் மீட்டர் பெட்டி இருக்கும். வீடு நாறுகிறது, உள்ளே கால் வைக்க முடியாது என்று திரும்புகிறவர், அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவருக்கு எச்சரிக்கை. என்னிடம் போனில், "வீடு பூட்டியிருந்தது" என்பார்கள். நானும் அப்படியே எழுதிவிடுவேன். அப்படி எழுதினால் முதலாளி மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார். யாருக்கும் தலைவலி இல்லை.

கோடு என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. முதுகு வலி என்று நாலு மாசமாக வேலைக்கு வராமல் இருக்கிறாரே குழாய்க்காரர், என் தங்கை வீட்டுக்காரர்... அவர் முதுகில் ஒன்றுமே இல்லை என்றேன். மூன்று பேரும் நாற்காலியை விளக்குப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருந்தார். வாடகைக்கு. சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் சமையலறைக்குள் ஏறுகிறது என்று முதலில் போன் செய்தார். ஆளை அனுப்பினேன். வீடு பூட்டியிருந்தது. மறுபடி அனுப்பினேன், பூட்டியிருந்தது. மூன்றாவது தடவையும் அதேதான். நாலாவதாக, ஈரம் ஏறிய சுவரைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்றார். அதற்கும் ஒரு ஆள் போய் வந்தார். பூட்டியிருந்தது.

ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "வீடு நாறுதுன்னுதானேம்மா வர மாட்டேங்கறாங்க? நான் தேய்ச்சுக் கழுவி வெச்சிடறேன். ஆளை மட்டும் அனுப்புங்க." சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

ஐந்தாவது போன் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. குரல் கொஞ்சம் தூரத்தில் கேட்டது. "பாதிக்கு மேல தேய்ச்சிட்டேன்" என்றார். நான் மாப்பிள்ளையை, அதான் அந்தக் குழாய்க்காரரை, அனுப்பினேன்.

அவருக்குப் போக மனசே இல்லை. அதற்கு முந்தின மாசம்தான் ஒரு வீட்டுச் சாக்கடையில் கை கிழிந்து, முழங்கை வரை வீங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் மூச்சு இழுப்பு உள்ள பெண் குழந்தை வேறு. இனிமேல் நாற்றத்தோடு வந்தால் உள்ளே சேர்க்க மாட்டேன் என்று என் தங்கை சொல்லியிருந்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டரை மணிக்கு அந்த வாசலில் போய் நின்றார். கதவிடுக்கில் சாக்கடை நாற்றம். அதற்கு மேலே பினாயில் வாசனை, கண் எரியும் அளவுக்கு. கதவைத் தட்டினார். உள்ளே... சரக்... சரக்... பிரஷ்ஷால் தரையைத் தேய்க்கும் சத்தம். நின்றது. வாளியின் கைப்பிடி ணங்கென்று விழுந்தது. திரும்பவும் சரக்... சரக்...

"இதோ முடிஞ்சிது தம்பி. கொஞ்சம்தான் பாக்கி. போயிடாதீங்க."

பத்து நிமிஷம் நின்றாராம். கதவு திறக்கவில்லை. தேய்க்கும் சத்தம் மட்டும் கதவை நோக்கி வந்துகொண்டே இருந்தது. பொறுமை போய், மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். நாலு கோடுகள். நாலு பேர் பொய்யா சொல்லுவாங்க என்று நினைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஐந்தாவதை இழுத்தார். தெருமுனையிலிருந்து எனக்குப் போன் வந்தது. பூட்டியிருக்கிறது என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். காலையில் அந்த அம்மாளோடு பேசியவள் நான். பூட்டியிருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதினேன்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரிலிருந்து வந்து கதவின் உள்தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தார். அந்த அம்மாள் சமையலறையில் கிடந்தார். தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்திருக்கிறார். இறந்து பதினாறு நாள் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

நான் அங்கே நிறுத்தினேன். ஐஸ் விரல் விட்டு எண்ணினான். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினான்.

"அப்ப அந்த வியாழக்கிழமை..." என்றான்.

"ஆமா. நாலு நாள் ஆயிருந்துது. காலையில போன்ல பேசினது என்கிட்டதான்."

ஒரு மாதிரி எல்லாருக்கும் குளிர ஆரம்பித்துவிட்டது.

சாக்கடையைச் சரி செய்துவிட்டுத்தான் வீட்டைக் கழுவ முடியும் என்று சொந்தக்காரர் ஆள் கேட்டதும், மாப்பிள்ளை தானே கிளம்பிப் போனார். போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் அடைப்பு வீட்டுக்குள்ளேயே இல்லை. வெளியே, மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே இருந்த சாக்கடைத் தொட்டியில் ஒரு மர வேர் புகுந்து குழாயை அடைத்திருந்தது. வீட்டுக்குள் கால் வைக்கத் தேவையே இல்லை. இருபது நிமிஷ வேலை. அந்தத் தொட்டி மூடியின் மேல் நின்றுகொண்டுதான் ஐந்து பேரும் கோடு போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார். வீடு முழுக்கக் கறுப்பு. பாசி, சேறு, சுவரில் இடுப்பளவுக்கு ஈரம். நடுவில் மட்டும்... சமையலறை வாசலில் ஆரம்பித்து, ஒரு ஆள் முட்டி போட்டு உட்காரும் அகலத்துக்கு, தரை வெள்ளைவெளேர் என்று ஒரு பட்டையாக நீண்டு வந்திருந்தது. நேராக வாசல் கதவைப் பார்த்து. கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. அங்கே ஒரு பிரஷ் கிடந்தது. முள் எல்லாம் தேய்ந்து வெறும் கட்டைதான் மிச்சம்.

அந்த அம்மாள் கிடந்த இடத்துக்கும் அந்த பிரஷ்ஷுக்கும் நடுவில் இரண்டு அறைகள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை காலையில் பையை எடுப்பார், செருப்பை மாட்டுவார், வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வரை அப்படியே. குழந்தை போய்க் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். என் தங்கை அழுது அழுது ஓய்ந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"நாலாவது கோடு என்னுதுக்கா. நான் கதவைக்கூட தட்டல. மூணு கோடு இருந்துது, நாலாவதைப் போட்டுட்டு வந்துட்டேன்."

"தெரியும். உன்னை அனுப்பினதே நான்தானே."

முதல் கோடு யாருடையது என்று தச்சர் கேட்டார். வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் என்றேன். அவராவது உள்ளே போய்ப் பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஐஸ் மெதுவாகத் தாளைத் தன் பக்கம் இழுத்தான், கிழித்துவிடப் போகிறவன் மாதிரி. நான் கையை வைத்துத் தடுத்தேன்.

"கிழிக்காதே. நீங்க கேக்கறது நியாயம்தான். யாரும் நோயை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்னு இல்ல. வர முடியாதுன்னா வர முடியாதுன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்லுங்க. நானும் அதையே எழுதறேன். எழுதியிருந்தா வேற யாராவது போயிருப்பாங்க. பூட்டியிருந்துதுன்னு எழுதினேன் பாருங்க... பூட்டின வீட்டுக்கு யார் போவா?"

எலக்ட்ரீஷியன் தாளை வாங்கி, கீழே, வர முடியாததை நேராகச் சொல்லிவிடுவோம் என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதினான். பிறகு கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் நீட்டினான். நானும் போட்டேன். பதினொரு வருஷத்தில் அந்த மேசையில் நான் எழுதிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுப் பளீரென்று எரிந்தது. கிளம்பலாம் என்று எழுந்த தச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த இடத்தை மட்டும் யார் துடைச்சது?"

நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஒரு வாரமாக, காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன். கிரீஸுக்கும் செருப்புத் தடத்துக்கும் நடுவே, பின்கதவில் ஆரம்பித்து, முட்டி போட்ட ஒரு ஆளின் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை. நோட்டு இருக்கும் என் மேசையைப் பார்த்து வருகிறது. இப்போது என் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது.

நேற்று இரண்டு முழம் இருந்தது.